கம்பெனி செட்டா, ஆசாரி கைவேலையா, சமையல்கட்டுச் சாமானா? மாண்டிசோரி வகுப்புக்கு எதை எங்கே வாங்கலாம்

போன வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மாண்டிசோரி பயிற்சி முடித்தவள். மாமனார் வீட்டுத் திண்ணையும் கூடமும் சும்மா கிடக்கின்றன, அதில் வருகிற ஜூனில் 18 பிள்ளைகளை வைத்து வகுப்பு ஆரம்பிக்கப் போகிறாள். கையில் இருப்பது ஒரே ஒரு தொகை, அதற்கு மேல் கடன் வாங்குவதில் அவளுக்கு விருப்பம் இல்லை. "அக்கா, மாண்டிசோரி சாமான் செஞ்சு விக்கிற கம்பெனி செட்டை மொத்தமா வாங்கிடட்டுமா, இல்ல இங்க ஆசாரிகிட்ட சொல்லிச் செய்யட்டுமா? எங்க அத்தை வேற, இதெல்லாம் வீட்டுச் சாமானை வெச்சே பண்ணலாமேன்னு சொல்றாங்க" என்றாள். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் நான் என் வகுப்பைத் தொடங்கியபோது இதே மூன்று வழிகளுக்கு நடுவில்தான் நின்றேன், அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. மாண்டிசோரியில் பிரைமரி என்றால் நம் ஊர் ஒன்றாம் வகுப்பு இல்லை. 3 வயது முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகள் ஒரே அறையில், ஆளுக்கொரு பாயை விரித்து, அலமாரியிலிருந்து தானே எடுத்த பொருளை வைத்துக்கொண்டு வேலை செய்கிற இடம். டீச்சர் முன்னால் நின்று பாடம் நடத்த மாட்டார். அப்படியென்றால் பிள்ளை செய்தது சரியா தப்பா என்று யார் சொல்வது? கையில் இருக்கிற பொருளே சொல்ல வேண்டும். பத்து உருளைகளைப் பத்துக் குழிகளில் போடும்போது ஒன்றை மாற்றிப் போட்டால் கடைசியில் ஒரு உருளை குழிக்குள் போகாமல் நிற்கும், பிள்ளை தானே திரும்பப் பார்க்கும். நான் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: இது பிள்ளையின் பிழையைப் பிள்ளைக்கே காட்டுமா? காட்டுவதற்குத் துல்லியமான அளவு தேவைப்பட்டால் அங்கே காசு போட வேண்டும். அளவு தேவைப்படாத இடத்தில் காசு போடுவது வீண், அதுவும் டெல்டா வீடுகளில் கிடைக்கிற சாமானைத் தாண்டிப் போடுவது ரொம்பவே வீண்.

சரி, சமையல்கட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் மூன்று வயதுப் பிள்ளை முதல் சில மாதம் செய்யப்போவது அன்றாட வாழ்க்கை வேலைகள்தான். ஊற்றுவது, அள்ளுவது, துடைப்பது, மடிப்பது, பட்டன் போடுவது, துலக்குவது. கம்பெனிக்காரர்கள் இதற்கும் ஒரு பெட்டி விற்கிறார்கள், குட்டி ஜாடி இரண்டு, ஒரு தட்டு, ஒரு ஸ்பாஞ்ச். அதை வாங்காதீர்கள்.

ஊற்றுவதற்கு என்ன வைப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் வீட்டில் முதலில் கைக்கு வருவது எவர்சில்வர். டபரா செட் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும், பிள்ளைகளும் தாத்தா காபி ஆற்றுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அதனால் நானும் அதைத்தான் முதலில் வைத்தேன். ஆனால் எவர்சில்வரில் இரண்டு குறை இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, அப்புறம் கீழே போட்டால் சத்தம் மட்டும்தான் வரும், ஒன்றும் ஆகாது. பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே போட ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் இன்னும் மோசம், அதில் கைக்கு எடையே தெரியாது. கடைசியில் நான் நின்றது டீக்கடை கண்ணாடி கிளாஸில். கோடு கோடாக வரி ஓடுகிற அந்தச் சின்னக் கிளாஸ், தடிமனானது, மூன்று வயதுக் கைக்குள் அடங்கும், தண்ணீர் எந்த வரி வரைக்கும் வந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும், விழுந்தால் உடையும். உடையும் என்பதால்தான் அதை இரண்டு கையால் பிடித்து மெதுவாக நடக்கிறார்கள். பெற்றோர் முதலில் பயந்தார்கள். உடைந்தால் பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும், நான்தான் கூட்டி அள்ளுவேன், என்ன நடந்தது என்று திட்டாமல் பேசுவோம், இவ்வளவுதான் ஏற்பாடு. ஊற்றுகிற பாத்திரத்துக்குப் பழைய பித்தளைக் கெண்டி கிடைத்தால் விடாதீர்கள், அதன் மூக்கு தண்ணீரை ஒரே இடத்தில் விழவைக்கும், புதுப் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

பித்தளை துலக்குவது உலகம் முழுக்க மாண்டிசோரி வகுப்புகளில் உள்ள வேலைதான், அதற்கென்று தனியாக பாலிஷ் திரவம் விற்கிறார்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வார்க்கிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு நாம் அதை வாங்க வேண்டியதில்லை. ஒரு சின்ன அகல், ஒரு கிண்ணத்தில் ஊறிய புளி, ஒரு துணி, கழுவத் தண்ணீர். கறுத்துக் கிடந்த பித்தளையில் புளி பட்ட இடம் மட்டும் மஞ்சளாக வெளுத்து வருவதைப் பிள்ளை தானே பார்க்கிறது, விட்ட இடமும் தெரிகிறது. அதாவது பிழை அந்த விளக்கிலேயே எழுதியிருக்கிறது. ஐந்து வயதுப் பையன் ஒருவன் ஒரே விளக்கோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன், அவனை அதற்கு முன் பத்து நிமிஷம் ஓரிடத்தில் யாரும் பார்த்ததில்லை.

அதேபோல் ஐந்து வயதுக்கு மேல் வாழைநாரில் பூக்கட்டுவது. நாரை நனைத்துக் கிழிப்பதிலிருந்தே வேலை ஆரம்பம். முடிச்சு தளர்ந்தால் பூ கழன்று விழும், வேறு யாரும் சொல்ல வேண்டாம். கோலப் புள்ளி வைப்பதும் அப்படித்தான், இடைவெளி மாறினால் கம்பி போய்ச் சேராது. பட்டன், ஜிப், நாடா பழகுவதற்கு டிரெஸ்ஸிங் ஃபிரேம் என்று மரச்சட்டத்தில் துணி அடித்து விற்பார்கள். அதில் ஒன்றைக்கூட நான் வாங்கவில்லை. சட்டத்தை ஆசாரி அடித்துக் கொடுத்தார், துணியைப் பழைய சட்டையிலிருந்தும் பாவாடையிலிருந்தும் தையல்காரம்மா வெட்டித் தைத்தார். உடம்பில் போட்டுக்கொண்டு பட்டன் போடுவதைவிட மடியில் வைத்துப் போடுவது எளிது, கண்ணுக்கு நேராக இருக்கும், அதனால் சட்டம் தேவைதான், கம்பெனிச் சட்டம்தான் தேவையில்லை.

"டீச்சர், இதெல்லாம் வீட்டிலேயே செய்வானே, இதுக்கா ஃபீஸ்?" என்று ஒரு அப்பா கேட்டார். வீட்டில் அவன் செய்ய விட்டிருக்கிறீர்களா என்று நான் கேட்டேன். அவர் யோசித்தார். அவர் வீட்டில் பையன் தண்ணீர் சொம்பைத் தூக்கினாலே பாட்டி ஓடி வந்து வாங்கிவிடுவார் என்று அவரே சொன்னார்.

இப்போது நேர் எதிரான இடத்துக்கு வருகிறேன், காசு போட்டே ஆக வேண்டிய இடம். சிலிண்டர் பிளாக். நான்கு கட்டைகள், ஒவ்வொன்றிலும் பத்து உருளைகள், குமிழ் வைத்தவை. ஒன்றில் பருமன் மட்டும் மாறும், ஒன்றில் உயரம் மட்டும் மாறும், மற்ற இரண்டில் இரண்டும் சேர்ந்து மாறும். குமிழைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்து பிடிக்கும்போது பின்னால் பென்சில் பிடிக்கப்போகிற கை தயாராகிறது. இதைக் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்து பார்த்தேன். உருளையை அருமையாகக் கடைந்து தந்தார்கள், ஆனால் குழியும் உருளையும் சேர்வதில் நூலளவு வித்தியாசம் வந்ததால் பக்கத்து உருளை பக்கத்துக் குழிக்குள்ளும் போய் உட்கார்ந்தது. அப்படிப் போனால் அந்தப் பொருளுக்கு வேலையே இல்லை, பிழை செய்தும் பிள்ளைக்குத் தெரியாது. அது பட்டறைக்காரர் குறை இல்லை, அவர் கட்டில் காலும் ஊஞ்சல் பலகையும் கடைகிறவர், இந்த அளவு அவர் இதுவரை செய்யாத வேலை. இதை நல்ல கம்பெனியில் வாங்குங்கள், நான்கையும் முடியாவிட்டால் பருமனும் உயரமும் சேர்ந்து மாறுகிற ஒன்றை முதலில் வாங்குங்கள்.

வாங்கும்போது என்ன மரம் என்று கேளுங்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் சுவரே வியர்க்கிறது, மரம் ஊதாமல் இருக்குமா? மழைக்காலத்தில் என் வகுப்பில் சில உருளைகள் குழிக்குள் இறுகி, பிள்ளை குமிழைப் பிடித்து இழுத்தால் கட்டையே சேர்ந்து தூக்கிக்கொண்டு வரும். நல்ல மரமாக இருந்தால் தை வெயிலில் பழைய நிலைக்கு வந்துவிடும். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையாக இருந்தால் ஒருமுறை ஊதினது ஊதினதுதான், ஓரம் உப்பி பெயின்ட் உரியும். விலை குறைவான செட்டுகளில் இந்தப் பலகை நிறைய வருகிறது.

பிங்க் டவர் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 1 செ.மீ. கனசதுரத்தில் தொடங்கி 10 செ.மீ. வரை பத்துக் கட்டைகள், எல்லாம் ஒரே நிறம், ஒரே வழவழப்பு, அளவு மட்டும்தான் மாறும். நிறத்தை மாற்றி அழகு செய்யக்கூடாது என்பது இதன் உயிர், ஏனென்றால் பிள்ளையின் கண் ஒரே ஒரு விஷயத்தில் நிற்க வேண்டும். பெரிய கட்டை சின்னக் கட்டையைப் போல 1000 மடங்கு கனஅளவு கொண்டது, தூக்கும்போது கைக்கே அது தெரியும். நான் முதலில் ஒரு கம்பெனியில்தான் வாங்கினேன். வந்ததில் மூன்றாவதும் நான்காவதும் ஏறக்குறைய ஒரே அளவு. திருப்பி அனுப்பப் பேசிப் பேசி ஒரு மாதம் போனது, கடைசியில் மாற்றியும் தரவில்லை. அப்புறம் ஆசாரியிடம் போனேன். அவர் பூவரசு மரத்தில் அளவு தப்பாமல் அறுத்துவிட்டார், ஆனால் பிள்ளைகள் கையில் குத்தக்கூடாதே என்ற அக்கறையில் எல்லா விளிம்பையும் மூலையையும் உப்புத்தாள் போட்டு உருட்டிவிட்டார். பார்க்க அழகாக இருந்தது, சின்னக் கட்டை கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் முறை, பிசிறை மட்டும் எடுங்கள், விளிம்பு நேராக நிற்கட்டும் என்று சொல்லிச் செய்ததுதான் இன்றும் வகுப்பில் இருக்கிறது.

யாரிடம் வாங்கினாலும் சோதிக்க ஒரு வழி உண்டு. கோபுரத்தை நடுவில் அடுக்காமல் ஒரு மூலை ஒட்டி அடுக்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே கோடாக நிற்கிற மாதிரி. மற்ற இரண்டு பக்கமும் படிக்கட்டாக வரும், ஒவ்வொரு படியும் சரியாக 1 செ.மீ. இருக்க வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு கட்டையை எடுத்து ஒவ்வொரு படியிலும் வைத்துப் பாருங்கள், அது பிதுங்காமல், இடம் விடாமல் உட்கார்ந்தால் வாங்கலாம். பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, நான் பின்னால்தான் செய்தேன்.

நீளக் கோல்கள் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், ஆசாரிதான். 10 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை பத்துச் சிவப்புக் கோல்கள், அதே நீளத்தில் எண்ணுவதற்காகச் சிவப்பும் நீலமும் மாறி மாறிப் பூசின பத்துக் கோல்கள். ஒரு செட்டுக்கு மொத்தம் ஐந்தரை மீட்டர் ரீப்பர், அவ்வளவுதான் மரம். 10ஐயும் 90ஐயும் நீளவாக்கில் சேர்த்து, 20ஐயும் 80ஐயும் சேர்த்து, எல்லா ஜோடியையும் ஒரு மீட்டர் கோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அறுப்பு சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். கோணல் இல்லாத ரீப்பராகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

இனி எழுத்து. தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி, கம்பெனி செட் கைவிடுகிற இடமும் இதுதான். செட்டில் வருகிற உப்புத்தாள் எழுத்துகள் ஆங்கிலத்துக்குச் செய்தவை, 26 அட்டைகள். பிள்ளை இரண்டு விரலால் எழுத்தை எழுதுகிற திசையிலேயே தடவி, ஒலியைச் சொல்லி, கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் எழுத்தைப் பிடிக்கும். தமிழில் 247 இருக்கிறதே, என்ன செய்வது? இதில் நான் பார்த்தது மூன்று வழி.

ஒன்று, 247க்கும் அட்டை செய்வது. செய்தவர்களைத் தெரியும். அலமாரி நிறையும், பிள்ளைக்குத் திகைப்புத்தான் மிஞ்சும். இரண்டாவது, 12 உயிர், 18 மெய், ஆய்தம் என்று 31 அட்டையோடு நிறுத்திவிட்டு மற்றதைக் கரும்பலகையில் சொல்லிக்கொடுப்பது. அப்படிச் செய்தால் கை வேலை பாதியில் அறுந்துபோகிறது, அதோடு மெய்யைப் புள்ளியோடு "க்" என்று தனியாகத் தொடங்கினால் அந்த ஒலியை வைத்துப் பிள்ளையால் ஒரு சொல்லும் கட்ட முடியாது. மூன்றாவதுதான் நான் வந்து சேர்ந்தது. 12 உயிர், ஓர் ஆய்தம், புள்ளி இல்லாத 18 அகர வரிசை எழுத்து. இவற்றோடு குறிகளைத் தனி அட்டையாகச் செய்யுங்கள்: புள்ளி, கால், விலங்கு, சுழித்த விலங்கு, ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு. ஏழுதான். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இவையே சேரும், ஔகாரத்துக்கு ஒற்றைக் கொம்போடு ள அட்டையைப் பின்னால் வைத்தால் போதும். உகர, ஊகார வரிசைகளில் மட்டும் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால், கு வேறு, சு வேறு, து வேறு என்று 36 அட்டை தனியாக வேண்டும். மொத்தம் கூட்டினால் 74. டி, டீ இரண்டிலும் விலங்கு ஒட்டுகிற இடம் கொஞ்சம் மாறும், அதைக் காட்டிக்கொடுத்தால் போதும்.

இந்த வழி நமக்கு வசதியாக இருப்பதற்கு 1978இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் ஒரு பெரிய காரணம். அதற்கு முன்னால் ணா, றா, னா, லை, ளை, ணை, னை போன்றவற்றுக்குத் தனித் தனி வடிவம் இருந்தது, அப்படி 13 எழுத்துகள். பெரியார் தம் பத்திரிகையில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த சீரான வடிவங்கள் பொதுவுக்கு வந்தபின், கால் என்றால் எங்கும் கால், ஐகாரக் கொம்பு என்றால் எங்கும் அதே கொம்பு. ஒரு குறியைத் தடவிப் பழகிய பிள்ளை அதை எந்த எழுத்தோடும் சேர்க்கலாம். என் பாட்டி காலத்துப் பிள்ளைக்கு இந்த அட்டைகளைக் கொடுத்திருக்கவே முடியாது.

வரிசை எப்படி? அ, ஆ என்று தொடங்காமல் ப, ட, ம இந்த மூன்றையும் புள்ளியையும் கொடுத்துப் பாருங்கள். படம், மடம், பட்டம் என்று அன்றைக்கே சொல் வரும். தான் அடுக்கிய எழுத்து ஒரு சொல்லாக நிற்கிறது என்று பிள்ளைக்குத் தெரிகிற அந்தக் கணத்துக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். வீடுகளில் அ ஆ பாட்டு எப்படியும் பாடித்தான் அனுப்புவார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அட்டையை எதில் செய்வது என்று வந்தால், ஆசாரிகள் தேய்க்கிற உப்புத்தாளில் நைஸ் ரகம் வாங்கி வெட்டி, பெயின்ட் அடித்த பலகையில் ஒட்டுவதுதான் நிற்கிறது. உயிருக்கு ஒரு நிறம், அகர வரிசைக்கு ஒரு நிறம், குறிகளுக்கு இன்னொன்று. பசை தடவி ஆற்று மணலைத் தூவிச் செய்ததும் உண்டு, செலவே இல்லை, ஆனால் ஒரு மாதத்தில் மணல் உதிர்ந்து எழுத்து பொத்தலாகிவிடுகிறது, தப்பான வடிவத்தைத் தடவுவதைவிடத் தடவாமலே இருக்கலாம். ரவை ஒட்டினால் எறும்பு வரும். எழுத்தைப் பெரிதாக, கையால் எழுதுகிற வடிவத்தில் வெட்டுங்கள், கம்ப்யூட்டர் அச்சில் இருக்கிற மாதிரி தடிப்பும் மெலிவுமாக வேண்டாம்.

தடவிய பிறகு எழுதிப் பார்ப்பதற்கு ஒரு தட்டு வேண்டும். இதில் நம் மண்ணுக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் விஜயதசமிக்குப் பிள்ளையின் விரலைப் பிடித்து நெல்லிலோ அரிசியிலோ எழுதவைக்கிறோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில்தான் எழுதினார்கள், 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்க் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் தமிழ் எழுத்தைக் கற்றார். நெல், அரிசி, மணல் மூன்றையும் வகுப்பில் வைத்துப் பார்த்தேன். நெல் விரலில் சுணை ஏற்றுகிறது. அரிசி உருண்டு வந்து கோட்டை மூடிவிடுகிறது, வளைவு தெரிவதில்லை. சலித்த ஆற்று மணல்தான் கோட்டை அப்படியே பிடிக்கிறது, தட்டை லேசாக ஆட்டினால் அழிகிறது. தட்டின் உள்பக்க அடிக்குக் கரும் நீலம் அடித்தால் எழுத்து பளிச்சென்று வரும். அரிசியை விஜயதசமி அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணில், பூஜ்யத்திலிருந்து 9 வரை தடுத்த பெட்டியில் குச்சிகளை எண்ணிப் போடுகிற வேலைக்கு மொத்தம் 45 குச்சி வேண்டும், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கடைசி அறையில் தெரிந்துவிடும். கடைந்த குச்சி தேவையில்லை, தென்னை ஈர்க்கு சின்னப் பிள்ளைக்கு மெல்லியது, மூங்கில் குச்சியை ஒரே நீளத்தில் வெட்டி முனை தேய்த்துக் கொடுங்கள். புளியங்கொட்டை எண்ணுவதற்கு நல்லது, ஆனால் மூக்கில் போட்டுக்கொள்கிற வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மட்டும், பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும்.

கோல்டன் பீட்ஸ் வேறு கதை. ஒற்றை மணி ஒன்று, பத்து மணி கோத்த கம்பி பத்து, பத்துக் கம்பி சேர்ந்த சதுரம் நூறு, பத்துச் சதுரம் அடுக்கினால் ஆயிரம். நாலரை வயதுப் பிள்ளை ஆயிரத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு கனத்தை உணர்கிற மாதிரி வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. பாசிமணி வாங்கி அம்மாக்களோடு உட்கார்ந்து கோத்தோம். பத்துக் கம்பிகள் நன்றாக வந்தன, நூறு சுமாராக வந்தது, ஆயிரம் சரிந்து போனது, கன சதுரமாக நிற்கவில்லை. அதனால் இதை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் நான்கும் ஒவ்வொன்று உள்ள அறிமுகத் தட்டை மட்டும் கம்பெனியில் உண்மையான மணியாக வாங்குங்கள். கூட்டல் கழித்தலுக்கு நிறைய நூறும் ஆயிரமும் தேவைப்படும்போது அதே அளவில் மரத்தில் அறுத்து, மணி மாதிரி வட்டம் வரைந்துகொள்ளலாம். எடை ஒத்துவராதுதான், ஆனால் பிள்ளை அதற்குள் உண்மையான ஆயிரத்தைத் தூக்கிப் பார்த்திருக்கும்.

கம்பெனி எதிலுமே கிடைக்காத ஒன்று நம் பரணில் கிடக்கிறது. ஆழாக்கு, உழக்கு, உரி, படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. நெல்லை அள்ளி, கையால் தலைதட்டி ஊற்றினால் எட்டாவது ஆழாக்கில் படி சரியாக நிறைய வேண்டும், வழிந்தாலோ குறைந்தாலோ எண்ணிக்கை தப்பு அல்லது தலைதட்டியது தப்பு. பாதி, கால், அரைக்கால் எல்லாம் பேர் சொல்லாமலே கைக்குள் வந்துவிடுகின்றன. ஒரே வீட்டுச் செட்டாக இருக்க வேண்டும், வீட்டுக்கு வீடு படி மாறும், இரண்டு வீட்டுச் சாமானைக் கலந்தால் கணக்கு நிற்காது.

துணியைத் தடவிப் பார்த்து ஜோடி சேர்க்கிற பெட்டிக்கும் நிறச் சட்டங்களுக்கும் திருபுவனம் இருக்கும்போது கவலை எதற்கு. கண்ணைக் கட்டிக்கொண்டு பட்டு, பருத்தி, சாக்கு, வெல்வெட் என்று இரண்டிரண்டு துண்டுகளைச் சேர்க்க வேண்டும், வெட்டுத் துண்டு போதும். நிறச் சட்டங்களை, இந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையாரே முதலில் பட்டு நூல் சுற்றித்தான் செய்தார். ஒரே நிறத்தில் ஏழு சாயம், கருத்ததிலிருந்து வெளுத்தது வரை, நெசவுக்காரர்களிடம் மிச்ச நூல் கேட்டால் கிடைக்கிறது. முகர்கிற குப்பிகளுக்கு ஏலம், கிராம்பு, வெட்டிவேர். தீவு, ஏரி, வளைகுடா வடிவங்களை வண்டல் மண்ணில் பிசைந்து தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்தில் செய்தால் இன்னும் நல்லது.

பாய்க்கு ஜமுக்காளமா கோரையா என்றும் அந்தப் பெண் கேட்டாள். கோரை. சுருட்டினால் விறைப்பாக மூலையில் நிற்கும், பிள்ளை தனியாகச் சுமக்கும், தைக்கால் பக்கம் சொன்னால் சின்ன அளவில் நெய்து தருவார்கள். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் வெயில் பட்ட அன்றெல்லாம் காயவையுங்கள்.

சொந்தமாகச் செய்வது ஏதோ குறைந்த வழி என்று சிலர் நினைக்கிறார்கள். 1907இல் ரோமில் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் ஆரம்பித்த வேலை இது. 1939இல் பிரம்மஞான சபை அழைத்து அம்மையார் சென்னைக்கு வந்தபோது, அடையாற்றில் முந்நூறு பேர் படித்த அந்த முதல் பயிற்சி ஓலைக் கொட்டகைகளில் நடந்தது. அளவில் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, எங்கே செய்தது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

ஆக, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இது. முழு செட் வேண்டாம், அதன் விலை நான் ஆரம்பித்தபோது என் ஒரு வருட வாடகையைத் தாண்டியது, அதில் கால்வாசியை முதல் வருடம் தொடக்கூட மாட்டாள். சிலிண்டர் பிளாக்கும் மணித் தட்டும் கம்பெனியில். பிங்க் டவர், கோல்கள், தட்டுகள், எழுத்துப் பலகை, பிள்ளை உயரத்துக்கு அலமாரி எல்லாம் ஆசாரியிடம், இப்போது மாசி, சித்திரைக்குள் கையில் வாங்கிவிட வேண்டும், நன்றாகக் காய்ந்த மரமாகப் பார்த்து. மிச்சப் பணத்தில் ஒரு உதவியாளருக்கு ஆறு மாதச் சம்பளம் ஒதுக்கச் சொன்னேன், 18 பிள்ளைகள் கண்ணாடி கிளாஸோடு நடக்கும்போது ஒரு ஜோடிக் கண் போதாது.

நேற்று மறுபடி பேசினாள். அத்தையே பரணில் ஏறி ஆழாக்கும் உழக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறார், படியின் பித்தளை விளிம்பு ஓரிடத்தில் கிழிந்து கூராக நிற்கிறதாம். பாத்திரக் கடையில் கொடுத்து அந்த இடத்தை மட்டும் மடித்துத் தேய்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன், உயரத்தைக் குறைத்துவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.